பழைய ஸ்டீரியோ இருக்க, புதிய ஆக்டிவ் ஸ்பீக்கர் வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதத்திற்குள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று ஸ்பீக்கர் பற்றியதாக இருக்கும். மானிட்டருக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் தரும் ஒலி போதவில்லை. ஹாலில் அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் துணி போர்த்தியபடி நிற்கின்றன. கடைக்குப் போனால், “அதெல்லாம் பழசு சார், ஆக்டிவ் ஸ்பீக்கர் எடுத்துக்கோங்க” என்கிறார்கள். பழையதைச் சரி செய்து கம்ப்யூட்டருடன் இணைப்பதா, அல்லது புதியதை வாங்குவதா?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடிய சோதனைகள் சில உள்ளன. அவற்றை முடித்த பின் பலருக்கு ஒரு கேபிள் தவிர வேறு எதுவும் வாங்க வேண்டியிருப்பதில்லை. சிலருக்குப் பழையதை விட்டுவிடுவதுதான் நல்லது. நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்ப்போம்.

ஆக்டிவ், பேசிவ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள பச்சை நிற சாக்கெட்டில் இருந்து வெளிவரும் ஒலி சிக்னல் மிகச் சிறியது. ஒரு வோல்ட், அதிகம் போனால் இரண்டு வோல்ட். காதில் மாட்டும் ஹெட்போனுக்கு இது போதும். பெரிய ஸ்பீக்கரின் கோனை முன்னும் பின்னும் அசைக்கப் போதாது. அந்த சிக்னலை வலுவாக்கித் தருவதுதான் ஆம்ப்ளிஃபயரின் வேலை.

ஆம்ப்ளிஃபயர் தனியாகவும் ஸ்பீக்கர் பெட்டி தனியாகவும் இருந்தால் அது பேசிவ் ஸ்பீக்கர். நம் வீடுகளில் உள்ள பழைய ஸ்டீரியோ செட்கள் இந்த வகை. ஆம்ப்ளிஃபயரையே ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது ஆக்டிவ். தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டிய ஸ்பீக்கர் ஆக்டிவ், இரண்டு ஒயர் மட்டும் போகும் ஸ்பீக்கர் பேசிவ் என்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இதில் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ஒரு நல்ல ஸ்பீக்கர் பெட்டிக்குள் குறைந்தது இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும். கீழ் ஒலிகளுக்குப் பெரிய வூஃபர், உச்ச ஒலிகளுக்குச் சிறிய ட்வீட்டர். வரும் சிக்னலைப் பிரித்து இந்த இரண்டுக்கும் அனுப்புவது கிராஸ்ஓவர் என்ற பகுதி. பேசிவ் பெட்டியில் ஆம்ப்ளிஃபயர் தரும் முழுச் சக்தியும் காயில், கெபாசிட்டர் வழியாகச் சென்ற பிறகே வூஃபரையும் ட்வீட்டரையும் அடையும். உண்மையான ஆக்டிவ் ஸ்பீக்கரில் சிக்னல் சிறியதாக இருக்கும்போதே பிரிக்கப்படும். வூஃபருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் என்று தனித்தனியே இருக்கும். எந்த ஸ்பீக்கரை இயக்கப் போகிறோம் என்பது தயாரிப்பாளருக்கு முன்பே தெரியும் என்பதால், அதன் குறைகளை சர்க்யூட்டிலேயே சரிக்கட்டி விடுவார். சின்னப் பெட்டியில் இருந்து எதிர்பாராத அளவு பாஸ் வருவது இப்படித்தான்.

ஆனால் ஆக்டிவ் என்று விற்கப்படும் மலிவு விலை ஸ்பீக்கர்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. வலப்பக்கப் பெட்டிக்குள் ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை வைத்து, அதிலிருந்து இரண்டு கம்பி ஒயர் ஒன்றை இடப்பக்கப் பெட்டிக்கு இழுத்திருப்பார்கள். அந்த இடப்பக்கப் பெட்டி பேசிவ்தான். இதனைப் பவர்ட் ஸ்பீக்கர் என்பதே சரி. இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் உங்கள் ஹாலில் இருக்கும் செட்டும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான், பெட்டி மட்டும் தனி. அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினால் தொழில்நுட்பத்தில் முன்னேறியதாக அர்த்தம் இல்லை.

பேசிவ் பழையது, ஆக்டிவ் புதியது என்பதும் சரியல்ல. 1978ல் யமஹா நிறுவனம் வெளியிட்ட என்.எஸ்.10 என்ற பேசிவ் ஸ்பீக்கரை உலகெங்கும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்கள் தனி ஆம்ப்ளிஃபயருடன் இணைத்துப் பயன்படுத்தின. 2001 வரை அது தயாரிப்பில் இருந்தது. அதே 1978ல்தான் பின்லாந்தின் ஜெனெலெக் நிறுவனம் அந்நாட்டு வானொலிக்காகத் தன் முதல் ஆக்டிவ் மானிட்டரைத் தயாரித்தது. இரண்டும் ஒரே வயதுக்காரர்கள்!

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம்

அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 1200 வாட், 2000 வாட் என்று போட்டிருப்பார்கள். பக்கத்தில் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். இதற்கு நிலையான அளவு முறை ஏதும் கிடையாது. தயாரிப்பாளர் விரும்பிய எண்ணைப் போட்டுக் கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே.

அதுவும் போடப்படவில்லையா? உடன் வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 24 வாட். உள்ளே போகும் மின்சாரமே 24 வாட் என்றால் வெளியே தொடர்ந்து 1200 வாட் ஒலிக்கான சக்தி எங்கிருந்து வரும்? கடையில் நின்றபடியே இந்தக் கணக்கைப் போடலாம். நான் எப்போதும் முதலில் பார்ப்பது அடாப்டரைத்தான்.

உண்மையில் எத்தனை வாட் வேண்டும் என்பதையும் பார்ப்போம். ஸ்பீக்கரின் விவரத் தாளில் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்று இருந்தால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் ஒலி வரும் என்று பொருள். அது நல்ல சத்தம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். சக்தியை இரு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. 10 வாட் கொடுத்தால் 96. 20 வாட் என்றால் 99. 40 வாட் என்றால் 102. அதாவது 20 வாட் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போட்டுவிட்டு 40 வாட் வாங்குபவருக்குக் காதில் கிடைக்கும் லாபம் 3 டெசிபல். கவனித்துக் கேட்டால்தான் தெரியும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலான நேரம் ஒரு வாட் அளவில்தான் வேலை செய்து கொண்டிருக்கும்.

பழைய செட்டைச் சோதிப்பது எப்படி?

முதலில் ப்ளக்கைச் செருகாமல் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டு வந்த செட் என்றால் இது மிக முக்கியம். அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட், ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். சிலவற்றில் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். வளைகுடா, சிங்கப்பூரில் இருந்து வந்தவற்றில் பொதுவாக இந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் படித்துவிடுவது நல்லது.

அடுத்து ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்க வலையைக் கழற்றி, வூஃபர் கோனின் வெளி விளிம்பைப் பாருங்கள். அங்கே ரப்பர் வளையமோ ஃபோம் வளையமோ இருக்கும். ரப்பர் என்றால் பல ஆண்டுகள் தாங்கும். ஃபோம் என்றால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் தானாகவே உதிரத் தொடங்கும். பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் உதிரும். விரலால் மெல்லத் தொட்டால் பிஸ்கட் போலப் பொடிந்தால் அந்த வூஃபரை அப்படியே ஓட்டாதீர்கள். வளையத்தை மட்டும் மாற்ற முடியும். ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர்கள் இதைச் செய்து தருவார்கள். புது ஸ்பீக்கர் வாங்குவதை விட மிகவும் மலிவு.

டார்ச் லைட் பேட்டரி ஒன்று போதும், வூஃபர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் இருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்ற சத்தத்துடன் கோன் முன்னால் வர வேண்டும். இரண்டு பெட்டிகளிலும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று முன்னால் வந்து மற்றொன்று உள்ளே போனால், யாரோ எப்போதோ ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் பாட்டுக் கேட்டால் பாஸ் காணாமல் போகும். ‘ஸ்பீக்கர் போய்விட்டது’ என்று எக்ஸ்சேஞ்சுக்கு வந்த சில செட்களில் நான் பார்த்த ஒரே குறை இதுதான்.

இப்போது ஒயர்களை இணைத்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்விட்சைப் போடுங்கள். ஒயரின் உள்கம்பிகள் பிரிந்து ஒன்றை ஒன்று தொட்டு விடாமல் முறுக்கிச் செருகுங்கள். தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர் எரிந்து போகும். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே ‘ம்ம்ம்’ என்று பெரிதாக இரைந்தால் பவர் சப்ளையில் உள்ள கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கக் கூடும். அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் அந்தக் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மூடியை நீங்களே திறக்க வேண்டாம். வால்யூம் திருகும்போது ‘கரகர’ என்றால் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே தூசு. கரண்டை அணைத்துவிட்டு இருபது, முப்பது முறை இப்படியும் அப்படியும் திருகினாலே பெரும்பாலும் குறையும்.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லை என்றால் இடது, வலது இன்புட் பின்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். மௌனம் அடுத்த பக்கத்திற்கு மாறினால் கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ உள்ளது. மாறாமல் அதே பக்கம் நின்றால் ஆம்ப்ளிஃபயர் அல்லது ஸ்பீக்கர். இனி ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் பார்த்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்.

1990களில் வந்த மினி காம்போனன்ட் செட்களுக்கும் இதே சோதனைகள்தான். அவற்றில் முதலில் கெடுவது சிடி லென்ஸும் கேசட் பெல்ட்டும். ஆம்ப்ளிஃபயர் பகுதி நன்றாகவே இருக்கும். பின்புறம் ஆக்ஸ் இன்புட் உண்டா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அதற்கு மேல் பணம் செலவழிக்காதீர்கள்.

கம்ப்யூட்டருடன் இணைத்தல்

வேண்டியது ஒரே ஒரு கேபிள். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்.சி.ஏ. பின்கள். பின் முனையை டெஸ்க்டாப்பின் பின்புறம் உள்ள பச்சை சாக்கெட்டில் செருகுங்கள். முன்புற சாக்கெட்டை விட அதில் இரைச்சல் குறைவாக இருக்கும். மறுமுனையில் சிவப்பு வலது, வெள்ளை இடது. ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ், சிடி, ட்யூனர் என்று எழுதியுள்ள எந்த ஜோடியிலும் செருகலாம். போனோ என்பதில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டு பிளேயருக்கானது. சில மில்லி வோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் நீங்கள் ஒரு வோல்ட்டைக் கொடுத்தால் ஒலி சிதறிப் போகும்.

பின்னர் டாஸ்க் பாரில் ஸ்பீக்கர் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் செல்லவும். அவுட்புட் என்ற இடத்தில் மானிட்டரின் பெயருக்குப் பதிலாக ஸ்பீக்கர்ஸ் அல்லது ஹெட்போன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் வால்யூமை 80 சதவீதத்திற்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரில் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் பாட்டுடன் இரைச்சலும் பெரிதாகும்.

இணைத்தவுடன் மெல்லிய ரீங்காரம் கேட்டால், கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் எர்த் வழியாக வரும் தொல்லை. ஆடியோ கேபிளின் நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறிய சாதனம் இதை நிறுத்தும். சிலர் ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். அது உயிரைக் காக்கும் பின்.

மவுஸை நகர்த்தும்போது ‘கீச் கீச்’ என்று கேட்டால்தான் யுஎஸ்பி டி.ஏ.சி. தேவை. கம்ப்யூட்டரின் உள்ளே உள்ள சவுண்ட் பகுதிக்குப் பதிலாக வெளியே இருந்து அதே வேலையைச் செய்யும் சிறிய பொருள் அது. அந்தக் கீச்சொலி இல்லாதவர்கள் அதற்கு முதலில் செலவழிக்க வேண்டியதில்லை.

எக்ஸ்சேஞ்ச் செய்யும் முன்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பேரனுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே புது ஸ்பீக்கர் எடுத்தால் பழைய செட்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக் கொள்வதாகக் கடையில் சொன்னார்கள். “தம்பி, கொடுத்துடலாமா? இடத்தை அடைக்குது” என்றார். “சார், ரெண்டு நாள் பொறுங்க. இதுல என்னவெல்லாம் கேக்கறீங்க?” என்றேன். கேசட் அலமாரியையும், அதன் கீழே இருந்த நாற்பது, ஐம்பது இசைத்தட்டுகளையும் காட்டினார். நாதஸ்வரமும் கச்சேரியும். பெரும்பாலானவை அவருடைய அப்பா வாங்கியவை.

அவர் வாங்க இருந்த ஸ்பீக்கரில் போனோ இன்புட் கிடையாது. பெரும்பாலான ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் இருக்காது. இசைத்தட்டில் பதிவு செய்யும்போது பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டியே பதிவார்கள். அதைத் திருப்பிச் சரி செய்து, மில்லி வோல்ட் சிக்னலைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயரின் போனோ பகுதி. பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டால், தனியாக ஒரு போனோ ப்ரீ-ஆம்ப் வாங்கும் வரை அந்தத் தட்டுகள் பாடாது. இதைக் கடையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அதே ஆம்ப்ளிஃபயரின் பின்னால் டேப் ரெக் என்று ஒரு ஜோடி அவுட்புட் இருந்தது. அதை டெஸ்க்டாப்பின் நீல நிற லைன் இன் சாக்கெட்டுடன் இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற புரோகிராமில் ரெக்கார்ட் பட்டனைக் கிளிக் செய்தால் தட்டும் கேசட்டும் கம்ப்யூட்டரில் ஃபைல்களாகிவிடும். சிகப்புப் பட்டை எட்டாதபடி ரெக்கார்டிங் அளவை வைக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில் நீல சாக்கெட் இருக்காது என்பதால் லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ சாதனம் ஒன்று வேண்டும். சார் வீட்டில் ஃபோம் உதிர்ந்திருந்த ஒரு வூஃபருக்கு வளையம் மாற்றியதோடு செலவு முடிந்தது. இப்போது வாரம் இரண்டு தட்டுகள் வீதம் பேரன் பதிவு செய்கிறான்.

யாருக்கு ஆக்டிவ் சரி?

நீங்கள் மேசை முன் அமர்ந்துதான் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஆக்டிவ் வாங்குங்கள், தயங்க வேண்டாம். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டு, மூன்று அடி தூரமே இருக்கும் இடத்தில், ஹாலை நிரப்பச் செய்யப்பட்ட பெரிய பெட்டிகளை வைத்தால் வூஃபர் ஒலியும் ட்வீட்டர் ஒலியும் ஒன்று சேராமல் தனித்தனியே கேட்கும். மேசையிலும் இடம் இருக்காது. வாடகை வீட்டில், ஒற்றை அறையில் இருப்பவர்களுக்கும் இதுவே வசதி. ஆம்ப்ளிஃபயர் முற்றிலும் கெட்டு, ஸ்பீக்கரும் உதிர்ந்திருந்தால் கேள்வியே இல்லை.

ஆனால் ஒரு குறையைத் தெரிந்து கொண்டு வாங்குங்கள். தனித்தனி செட்டில் ஆம்ப்ளிஃபயர் போனால் ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றலாம். ஆக்டிவ் ஸ்பீக்கருக்குள் உள்ள போர்டு போனால், உதிரி கிடைக்காத பட்சத்தில் நல்ல நிலையில் உள்ள வூஃபரும் ட்வீட்டரும் பெட்டியும் சேர்ந்தே வீணாகும். எனவே சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் உள்ளதா என்பதை வாட்டுக்கு முன்பே கேட்க வேண்டும்.

பழையதை வைத்துக் கொண்டு தரத்தை உயர்த்த விரும்புபவர்கள் முதலில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கே செலவழிக்க வேண்டும். ஒலியில் அதிக வித்தியாசம் காட்டுவது அதுதான். ஆம்ப்ளிஃபயர் அடுத்தது. விலை உயர்ந்த கேபிள் கடைசி. என்னைக் கேட்டால் தேவையே இல்லை. புதுப் பெட்டி வாங்கும்போது ஆம்ப்ளிஃபயரின் பின்னால் எத்தனை ஓம் என்று பார்த்துக் கொள்ளுங்கள். 8 முதல் 16 ஓம் என்று எழுதியுள்ள ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அளவுக்கு மீறிய கரண்ட் இழுத்துச் சூடாகும். இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே டெர்மினலில் சேர்த்து மாட்டினாலும் அது 4 ஓம் ஆகிவிடும்.

இரண்டையும் கலந்துவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் டெர்மினலில் இருந்து ஒயர் இழுத்து ஆக்டிவ் ஸ்பீக்கரின் இன்புட்டில் கொடுத்தால் ஆக்டிவ் ஸ்பீக்கரின் போர்டு எரியக் கூடும்.

கடையில் ஆக்டிவ் ஸ்பீக்கரைக் கேட்கும்போது அவர்கள் போடும் அதிரடிப் பாட்டு வேண்டாம். உங்களுக்கு நன்கு பழகிய, குரல் தெளிவாக உள்ள பாட்டு ஒன்றை மொபைலில் கொண்டு செல்லுங்கள். முதலில் பாட்டே இல்லாமல் வால்யூமை முழுவதும் வைத்து, ஓர் அடி தூரத்தில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எவ்வளவு என்று கவனியுங்கள். பிறகு உங்கள் பாட்டை மெதுவான அளவில் போடச் சொல்லுங்கள். மெதுவாக வைக்கும்போதும் பாடகரின் வார்த்தைகள் புரிய வேண்டும். ப்ளூடூத்தில் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் சினிமா பார்க்கும்போது உதட்டசைவும் வசனமும் பொருந்தாமல் போகலாம். கேபிள் மாட்டியும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.